120 லிட்டரும் ஒரு சொம்பும்

உடலும் உலகமும் – 9

1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி என்பது சேலம், நாமக்கல் சீமையில் பிறந்த எவருக்கும் மனப்பாடம். அதே 120 என்ற எண் டயாலிசிஸ் கூடத்திலும் உண்டு. நிமிஷத்துக்கு அரை லிட்டர் வீதம் நான்கு மணி நேரம் ஓடும் இயந்திரம், ஒருவருடைய இரத்தத்தை அலசுவதற்கு ஏறக்குறைய 120 லிட்டர் நீரைச் செலவிடுகிறது. அதன் பக்கத்தில் படுத்திருப்பவருக்கோ, சிறுநீர் அறவே நின்றுவிட்டதென்றால், காப்பி, மோர், ரசம் அனைத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு ஒரு சிறு சொம்பளவுதான் அனுமதி.

வாரத்துக்கு 168 மணி நேரம் ஓயாமல் சிறுநீரகம் செய்த வேலையை, மூன்று அமர்வுகளில் 12 மணி நேரத்துக்குள் இயந்திரம் செய்து முடிக்க வேண்டியிருக்கிறது. எஞ்சிய 156 மணி நேரத்துக்குக் காவல் யார்? நோயாளியின் மனோதிடமே. கத்திரி வெயிலில், நாவறண்டு, வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, ஒரு ஐஸ் துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பொழுதைத் தள்ளுகிறவர், மறுநாள் கூடத்துக்குள் நுழைந்ததும் ஏறி நிற்பது எடை இயந்திரத்தின்மேல். “வெயிட் எவ்வளவு ஏறியிருக்கு?” என்ற கேள்விக்குப் பின்புதான் மற்ற க்ஷேமலாபங்கள்.

உணவிலும் இவ்வாறே. சேலத்து மல்கோவாவும் இளநீரும் பொட்டாசியம் மிகுந்தவை. அது இரத்தத்தில் வரம்பு மீறினால் இருதயத்தையே நிறுத்திவிடக்கூடும். டயாலிசிஸில் புரதமும் சிறிது சிறிதாக வெளியேறுகிறபடியால், நாமக்கல் முட்டையின் வெள்ளைக்கரு மட்டும் ஔஷதத்துக்கு நிகரான மரியாதை பெறுகிறது.

டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு விசைத்தறித் தொழிலாளியின் முன்கையைப் பார்ப்போம். தமனியையும் சிரையையும் இணைத்து, ஊசி குத்துவதற்கு வாகாக அமைக்கும் பிஸ்டுலா, 1966-இல் பிரெசியா, சிமினோ முதலிய நியூயார்க் மருத்துவர்கள் உலகுக்கு அறிவித்த உபாயம். அந்தப் புடைப்பின்மேல் விரலை வைத்தால், தறி ஓடும் சுவரைத் தொட்டாற்போல் ஓர் அதிர்வு தெரிகிறது. காலையில் எழுந்ததும் அவர் முதலில் தொட்டுப் பார்ப்பது அதைத்தான். அந்தக் கையால் பாரம் தூக்கலாகாது. அதன்மேல் தலை வைத்து உறங்கலாகாது. பாவு நூல் உருளையைத் தூக்கிய கைக்கு இனி வேறு ஜீவனோபாயம் தேட வேண்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்பது பேருதவியே. ஆயினும் பஸ் கட்டணமும், வாரத்தில் மூன்று நாள் கூலியும், துணைக்கு வரும் மனைவி இழக்கும் கூலியும் குடும்பத்தின் கணக்கிலேயே விழுகின்றன. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வயிற்றறை வழியே செய்யும் டயாலிசிஸுக்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதால், அம்முறைக்குத் தகுந்தவர்களுக்குப் பயணமாவது மிச்சமாகிறது.

யூரியா குறைந்ததா என்று சோதனைக்கூடம் சொல்லிவிடும். இரவு உறக்கம் வந்ததா, அலுப்பு எப்போது தணிந்தது, உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் அமர முடிந்ததா என்பவற்றைக் கேட்டால்தான் தெரியும். அந்த 12 மணி நேரத்துக்குக் குறிப்பேடு இருக்கிறது. 156 மணி நேரத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினால் என்ன?

(தொடரும்)