இளைத்தலும் மீண்டும் பருத்தலும்

உடல் பருத்த ஒருவர் நாற்பது நாள் அரைவயிறு உண்டு ஐந்து கிலோ குறைகிறார், உற்றார் புகழ்கின்றனர். ஆறு திங்களில் ஆறு கிலோ ஏறிவிடுகிறது. நாணமுற்று மீண்டும் பட்டினியைத் தொடங்குகிறார். அவருக்கு மன உறுதி இல்லை என்று ஊர் பேசுகிறது. இப்பழி முறையானதுதானா?

1945ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் உடலியல் அறிஞர் ஓர் ஆய்வு நிகழ்த்தினார். போரினால் பட்டினியுற்ற மக்களுக்கு எவ்வாறு உணவூட்டுவது என்று அறிவதே அதன் நோக்கம். நலமுள்ள இளைஞர் 36 பேர் தாமாகவே முன்வந்து 24 வாரம் குறையுணவு உண்டனர். எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தது. உடலும் தன் செலவைச் சுருக்கிக்கொண்டது, நாடித் துடிப்புத் தளர்ந்தது, குளிர் வாட்டியது, எந்நேரமும் உணவு நினைவே மேலோங்கியது. பின்னர் உணவு தாராளமாகக் கிடைத்தபோது அடங்காப் பசி எழுந்தது. கொழுப்பு விரைந்து சேர்ந்தது; தசையோ மெல்லவே மீண்டது.

நம் உடல் சிக்கனமான குடும்பத் தலைவியைப் போன்றது. வரவு குறைந்தால் செலவைச் சுருக்கும். வரவு பெருகினால் சேமித்து வைக்கும். நாம் விரும்பி ஏற்கும் பட்டினிக்கும் பஞ்சத்துக்கும் உள்ள வேற்றுமையை அஃது அறியாது. ஆகவே, மீண்டும் பருப்பதை மனத்தின் குற்றம் என்று மட்டும் கூறுதல் பொருந்தாது.

அவ்வாறாயின் வழி யாது? சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டனர். உணவைச் சீர்செய்து நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடக்குமாறு பயிற்றப்பட்ட பிரிவினர்க்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. வியப்பு யாதெனில், அவர்களது எடை பெரிதும் குறையவில்லை. தராசு காட்டாத நன்மையும் உண்டு என்பது இதனால் விளங்கும்.

சென்னையின் மேற்கே உள்ள பூவிருந்தவல்லியில் தோன்றிய திருக்கச்சி நம்பிகள், நாள்தோறும் மலர் சுமந்து காஞ்சிக்கு நடந்தார் என்பது வைணவ மரபு. ஒருநாள் விழாவாக அன்றி, அன்றாடத் தொண்டாகவே அவர் அதனைச் செய்தார். உணவு ஒழுக்கமும் அத்தகையதே. சோற்றில் ஓர் அகப்பை குறைத்துப் பருப்பும் கீரையும் கூட்டலாம். ஒரு நிறுத்தம் முன்னதாகவே பேருந்தைவிட்டு இறங்கி நடக்கலாம். நாற்பது நாளில் முடியும் நோன்பு நாற்பத்தோராம் நாள் பழைய வழக்கத்துக்கே நம்மை அழைத்துச் செல்லும். எந்த மாற்றத்தை நாற்பது ஆண்டுகள் தாங்க இயலுமோ, அதனையே இன்று தொடங்குக.