மாட்டின் உடலில் ஊறியதா, ஊசியில் ஏறியதா? ஹார்மோன் சோதனையின் நுட்பம்

இறைச்சிக்காக வளர்க்கப்படும் மாடுகள் விரைவில் எடை கூடவேண்டும் என்பதற்காக அவற்றுக்கு ஹார்மோன் கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் முற்றிலும் தடை செய்துள்ளது. ஆனால் அந்தத் தடை மீறப்பட்டதா என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு ஆய்வகங்களின் தலையில்தான் விழுகிறது. ஸ்டீராய்டு ஹார்மோன்கள் என்பவை, நான்கு கார்பன் வளையங்கள் பிணைந்த அமைப்புடன், கொலஸ்டிராலிலிருந்து உடலே உருவாக்கிக்கொள்ளும் வேதிப்பொருள்கள் ஆகும். காளையின் டெஸ்டோஸ்டிரோன், பசுவின் ஈஸ்ட்ரடையால், சினைக்காலத்தில் பெருகும் புரோஜெஸ்டிரோன் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. ஆகவே ஒரு மாட்டின் சிறுநீரில் டெஸ்டோஸ்டிரோன் இருப்பதாகக் கண்டறிவதால் மட்டும் எந்தக் குற்றமும் நிறுவப்படுவதில்லை. அது எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி.

தடைக்கு வித்திட்டது, பெண்மை ஹார்மோனைப் போலச் செயல்படும் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கைப் பொருள். அமெரிக்காவில் 1954 முதல் மாட்டுத் தீவனத்தில் அனுமதிக்கப்பட்டு, 1979இல் விலக்கப்பட்ட இப்பொருள், 1980இல் இத்தாலியில் கன்றிறைச்சியால் செய்த குழந்தை உணவில் காணப்பட்டபோது ஐரோப்பா முழுவதும் கொதித்தெழுந்தது. 1989 முதல், ஹார்மோன் கொடுத்து வளர்த்த மாடுகளின் இறைச்சியை இறக்குமதி செய்வதும் தடுக்கப்பட்டது. காதுத் தோலுக்கடியில் ஹார்மோன் வில்லை வைப்பதைச் சட்டப்படி அனுமதிக்கும் அமெரிக்கா, உலக வணிக அமைப்பில் வழக்குத் தொடுத்து, 1999இல் ஆண்டுக்கு 11.68 கோடி டாலர் மதிப்புள்ள ஐரோப்பியப் பொருள்கள் மீது பதிலடி வரி விதித்தது.

சோதனை, மாதிரி எடுப்பதிலிருந்து தொடங்குகிறது. பண்ணையில் சிறுநீரும் மயிரும் தீவனமும், இறைச்சிக் கூடத்தில் கல்லீரலும் பித்தநீரும் எடுக்கப்படுகின்றன. உடல் ஹார்மோனை வெளியேற்றும்போது அதனுடன் ஒரு சர்க்கரை அமிலத்தை இணைத்து அனுப்புவதால், அந்தப் பிணைப்பை முதலில் அறுக்கவேண்டும். அதற்குப் பல ஆய்வகங்கள் ஒருவகை நத்தையின் செரிமானச் சாற்றிலிருந்து பெறும் நொதியைப் பயன்படுத்துகின்றன. பிறகு, குறிப்பிட்ட ஹார்மோனை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைக் கொண்டு முதற்கட்டச் சலிப்பு நடக்கிறது. இது விரைவானது, மலிவானது. ஆனால் உருவம் ஒத்த வேறு பொருளையும் எதிர்ப்பொருள் சில வேளைகளில் பற்றிக்கொள்ளும் என்பதால், இதை மட்டும் வைத்து எவரையும் குற்றவாளி ஆக்கக் கூடாது. சந்தேகத்துக்குரிய மாதிரி நிறை நிறமாலைமானிக்குச் செல்கிறது. இக்கருவி மூலக்கூறுகளுக்கு மின்னேற்றம் அளித்து, அவற்றைத் துண்டுகளாக உடைத்து, துண்டுகளின் நிறையை அளக்கிறது. ஒவ்வொரு பொருளும் தனக்கே உரிய விகிதத்தில் உடைவதால், லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் அளவில் இருந்தாலும் அடையாளம் வெளிப்பட்டுவிடும்.

டிரென்போலோன் போன்ற செயற்கை ஸ்டீராய்டுகளில் இத்துடன் வேலை முடிந்துவிடுகிறது. மாட்டின் உடல் அதை உருவாக்காது என்பதால் அது இருப்பதே சான்று. ஆனால் நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டின் ஒரு வடிவம் சினைப்பசுவில் இயல்பாகவே காணப்படும். ஸ்டீராய்டு அமைப்பு இல்லாத, ஆயினும் இதே தடைக்கு உட்பட்ட செரனால், பூஞ்சை பிடித்த தானியத்தைத் தின்ற மாட்டின் உடலிலும் தோன்றும். இந்த வேறுபாடுகளை அறியாத ஆய்வகம் நேர்மையான பண்ணையாளரின் பிழைப்பையே கெடுத்துவிடக்கூடும்.

உடல் தானே சுரக்கும் ஹார்மோனையே ஊசியில் ஏற்றினால் என்ன செய்வது? மூலக்கூறில் வேறுபாடு இல்லை. ஆனால் அதன் கார்பனில் உண்டு. இயற்கைக் கார்பனில் ஏறத்தாழ 1.1 விழுக்காடு, எடை சற்றுக் கூடிய கார்பன்-13. சோயா போன்ற செடிகள் அதைக் குறைவாகவும், மக்காச்சோளம் ஓரளவு கூடுதலாகவும் எடுத்துக்கொள்கின்றன. மருந்துத் தொழிற்சாலை ஸ்டீராய்டுகளைப் பெரும்பாலும் சோயாவின் மூலப்பொருளிலிருந்து செய்கிறது. மாடோ தான் தின்ற தீவனத்தின் கார்பனைக் கொண்டு ஹார்மோனைச் செய்கிறது. டெஸ்டோஸ்டிரோன் உருவாகும் பாதையில் அதற்கு முந்தைய படியில் இருக்கும் டிஹெச்இஏ என்ற பொருளையும், டெஸ்டோஸ்டிரோன் சிதைந்து உண்டாகும் பொருளையும் ஒரே சிறுநீரிலிருந்து பிரித்து, இரண்டின் கார்பன் விகிதத்தையும் ஒப்பிடுகிறார்கள். கடைமடையில் கரைத்த சாயம் தலைமடை நீரின் நிறத்தை மாற்றாது என்பதுபோல, ஊசி டிஹெச்இஏவைத் தொடுவதில்லை. ஆகவே இரண்டுக்கும் இடையே தெளிவான இடைவெளி தெரிந்தால் ஹார்மோன் வெளியிலிருந்து வந்தது உறுதி. மாட்டின் தீவனமும் சோயாவைப் போலக் கார்பன்-13ஐக் குறைவாக எடுத்துக்கொள்ளும் செடிகளாகவே இருந்தால் இடைவெளி சுருங்கிப்போகும் என்பது இம்முறையின் குறை.

அங்கே மயிர் கைகொடுக்கிறது. ஊசி மருந்தில் ஹார்மோன் மெதுவாகக் கரையவேண்டும் என்பதற்காகக் கொழுப்பு அமிலம் சேர்த்து எஸ்டர் ஆக்கப்படுகிறது. டெஸ்டோஸ்டிரோன் டெக்கனோயேட் போன்ற எஸ்டர்களை மாட்டின் உடல் செய்வதில்லை; சிறுநீரில் அவை சிதைந்து மறைந்தாலும், மயிரில் பல வாரங்கள் சிதையாமல் தங்கியிருக்கும்.

எனினும் மாதிரி ஆய்வகத்தை அடைந்தால்தான் இந்த நுட்பங்களுக்கு வேலை உண்டு. அதைக் கொண்டுவந்து சேர்ப்பவர் பண்ணைக்குள் நுழையும் ஆய்வாளர். பெல்ஜியத்தில் சட்டவிரோத ஹார்மோன் வணிகத்தைத் துருவி வந்த கால்நடை மருத்துவ ஆய்வாளர் கரேல் வான் நோப்பன், 1995 பிப்ரவரி 20 அன்று தம் வீட்டருகே சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் தடைச் சட்டத்தையும் எச்சக் கண்காணிப்பு விதிகளையும் புதுப்பித்து வெளியிட்டது; கொலை வழக்கில் நால்வருக்கு 2002இல் தண்டனை கிடைத்தது.