மாமியாரும் ஒரு குளிர்ப்பெட்டியும்

ஆஸ்திரேலியாவின் தென்கரையை ஒட்டி செடூனா என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே நார்ஸ்மன் என்ற ஊர் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். நடுவில் ஊர் என்று சொல்லும்படியாக ஒன்றும் கிடையாது. பெட்ரோல் போட்டுக்கொள்ளவும், காபி குடிக்கவும், இரவு தங்கவும் ஆங்காங்கே சில 'ரோட்ஹவுஸ்'கள், அவ்வளவுதான். இந்த வெட்ட வெளிக்கு நல்லார்பர் என்று பெயர். பெயரிலேயே 'நல்லார்' இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். லத்தீன் பாஷையில் 'மரமே இல்லை' என்று அதற்கு அர்த்தம்!

இந்த வழியாகக் கோடை காலத்தில், காருக்குப் பின்னால் ஒரு குட்டி டிரெயிலரை மாட்டிக்கொண்டு, மாமியாரையும் அழைத்துக்கொண்டு போவது என்று என் மைத்துனர் தீர்மானித்தார். மெல்போர்னில் அவர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போயிருந்த நானும் மாட்டிக்கொண்டேன். என் மாமியாருக்கு இரண்டு வேளையும் இன்ஸுலின் போட்டாக வேண்டும். மூன்று வாரத்து மருந்து கையில். வெளியே வெயில் 42 டிகிரி. ஆகவே எங்கள் பிரயாணத்தில் மிக முக்கியமான பிரயாணி நானும் அல்ல, மைத்துனரும் அல்ல. டிரெயிலரில் உட்கார்ந்திருந்த குளிர்ப்பெட்டிதான்.

வாசகர்களில் பலர் இப்போது பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிறீர்கள். அங்கே இந்தமாதிரி டிரெயிலர்ப் பயணத்துக்கும் கிளம்புகிறீர்கள். உங்களுக்கு உபயோகப்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கடையில் போய் நின்றால் மூன்று ஜாதிப் பெட்டிகளைக் காட்டுவார்கள். முதலாவது, விலை மலிவாக, கைக்கு அடக்கமாக இருக்கும். இரண்டு வேறு உலோகங்களை இணைத்து மின்சாரத்தைச் செலுத்தினால் ஓர் இணைப்பு சூடாகும், மற்றது குளிரும் என்று 1834-ல் பெல்ட்டியர் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தார். அந்தத் தத்துவத்தில் வேலை செய்வது இது. ஆனால் வெளி வெப்பத்தைவிடச் சுமார் 20 டிகிரி குறைக்கத்தான் இதற்குச் சக்தி உண்டு. வெளியே 42 என்றால் உள்ளே 22! போதாததற்கு, ஓயாமல் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். நிழலான ஊருக்கு, ஒரு பகல் பொழுதுக்குச் சரி. மருந்துக்கு இதை நம்பக்கூடாது.

இரண்டாவது பெட்டி வேடிக்கையானது. நெருப்பைக் கொண்டு குளிர வைப்பது! 1922-ல் ஸ்டாக்ஹோமில் படித்துக்கொண்டிருந்த பிளாட்டன், முண்டெர்ஸ் என்ற இரு மாணவர்கள் உருவாக்கிய முறை. காஸ் அடுப்புச் சுடர் போல ஒரு சிறு சுடர் எரிந்தால் போதும். அமோனியா ஆவியாகி, குளிர்ந்து, மறுபடி நீரில் கரைந்து சுற்றிச் சுற்றி வந்து பெட்டியைக் குளிர்விக்கும். சத்தமே இராது. ஒரே இடத்தில் பல நாள் முகாம் போடுகிறவர்களுக்கு இது நல்ல துணை. ஆனால் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தவேண்டும். கடும் வெயிலில் திணறும். பேட்டரியில் ஓட்டினால் சீக்கிரம் பேட்டரியைக் காலி செய்துவிடும். இன்னொன்று, இதை மட்டும் மறக்கவேண்டாம்: மூடிய கூடாரத்துக்குள்ளோ, ஆள் படுத்திருக்கும் வண்டிக்குள்ளோ புகை வெளியே போக வழி இல்லாமல் அந்தச் சுடரை எரியவிடக் கூடாது. அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

மூன்றாவதுதான் கம்ப்ரெஸர் பெட்டி. வீட்டிலுள்ள பிரிட்ஜின் தம்பி. விலை அதிகம், ஆனால் எந்த வெயிலிலும் வேலை செய்யும், மின்சாரமும் குறைவு. இதன் பாட்டனார் பிறந்தது மெல்போர்னுக்குப் பக்கத்து ஊரான ஜீலாங்கில் என்றால் நம்புவீர்களா? ஜேம்ஸ் ஹாரிஸன் என்று அங்கே ஒரு பத்திரிகாசிரியர் இருந்தார். அச்செழுத்துக்களை ஈதர் ஊற்றிக் கழுவும்போது, அது ஆவியாகிப் போனதும் ஈயம் ஜில்லென்று ஆவதைக் கவனித்தார். அந்த ஆவியை மறுபடி அமுக்கித் திரவமாக்கித் திரும்பத் திரும்ப உபயோகித்தால் என்ன என்று தோன்றியது. 1850-களில் ஐஸ் செய்யும் இயந்திரமே கட்டிவிட்டார். நம் தொழிலில் இப்படியும் ஒருவர் இருந்திருக்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ஆனால் அவர் கதை அத்துடன் முடியவில்லை. 1873-ல் 'நார்போக்' என்ற கப்பலில் ஆஸ்திரேலிய மாட்டிறைச்சியை லண்டனுக்கு அனுப்பினார். இயந்திரத்தையே கப்பலில் ஏற்றாமல், ஐஸை நிரப்பி அனுப்பினார். எதிர்பார்த்ததைவிட வேகமாக ஐஸ் கரைந்தது. இறைச்சி கெட்டது, ஹாரிஸனின் முயற்சி தோற்றது. பெட்டியில் குறை இல்லை. குளிர் வழி முழுவதும் நீடிக்குமா என்ற கணக்கில்தான் குறை.

நாங்களும் அதே தவற்றைத்தான் செய்தோம்.

மைத்துனர் வாங்கியது 40 லிட்டர் கம்ப்ரெஸர் பெட்டி. மேலே திறப்பது. இந்த வகையில் மூடியைத் திறந்தாலும் கனமான குளிர்காற்று கீழேயே தங்கும். பக்கவாட்டில் திறந்தால் அத்தனையும் காலடியில் கொட்டிப் போகும். முதல் நாள் இரவே வீட்டு மின்சாரத்தில் குளிரவைத்து, குளிர்ந்த சாமான்களையே உள்ளே அடுக்கினார். எல்லாம் பேஷ். கார் என்ஜின் பக்கத்தில் தனியாக இரண்டாவது பேட்டரி ஒன்றும் இருந்தது. அதிலிருந்து டிரெயிலர் வரை ஆறு மீட்டர் வயர்.

செடூனாவைத் தாண்டி முதல் இரவு. விடியற்காலையில் மாமியார் காபிக்குப் பால் எடுக்கப் போனார். "மாப்பிள்ளை, பால் திரிஞ்சிருக்கே! அப்போ மருந்து?" என்றார்.

பெட்டியின் மேல் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே 19 டிகிரி. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கெட்டுப்போன இன்ஸுலின் பார்வைக்கு நல்லது போலவே இருக்கக்கூடும். அதுதான் பயம்.

மருந்துடன் இருந்த தாளைப் பிரித்துப் படித்தோம். பிரிக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவேண்டும். வெளியே எடுத்தால் 30 டிகிரிக்குக் கீழே நான்கு வாரம் தாங்கும் என்று போட்டிருந்தது. (எல்லா வகை இன்ஸுலினுக்கும் இது ஒன்றல்ல, உங்கள் மருந்தின் தாளைப் பாருங்கள், டாக்டரைக் கேளுங்கள்.) போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் இன்னும் மூன்று மணி நேரம் கழித்துக் கவனித்திருந்தால்? வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் சூடு 50 டிகிரியைத் தாண்டிவிடும்.

பேட்டரி தீர்ந்துபோய்விட்டது என்றுதான் நினைத்தோம். அளந்து பார்த்தால் 12.2 வோல்ட், இன்னும் பாதிக்குமேல் சக்தி மிச்சம்! பின் என்ன? வயர்! இரண்டு சதுர மில்லிமீட்டர் ஒல்லி வயர். அவ்வளவு தூரம் போய்த் திரும்புவதற்குள் ஏறக்குறைய அரை வோல்ட்டை அதுவே விழுங்கிவிட்டது. பெட்டிக்கு வந்து சேர்ந்தது 11.7. இந்தப் பெட்டிகளில் பேட்டரியைக் காப்பாற்ற ஒரு காவல் உண்டு. எங்கள் பெட்டியில் அது 'உச்ச' நிலையில் இருந்தது. 11.8-க்குக் கீழே வந்தால் நிறுத்திவிடும். கார் கிளம்பவேண்டிய பேட்டரி என்றால் அது சரி. எங்களுடையதோ தனிப் பேட்டரி. காவலை நடு நிலைக்கு மாற்றினோம். பிற்பாடு கால்கூர்லியில் ஆறு சதுர மில்லிமீட்டர் வயர் போட்ட பிறகு, நஷ்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.

ஆகவே, பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே மின்சாரக் கணக்கைப் போடுங்கள். இந்த அளவுப் பெட்டி ஓடும்போது நாலரை ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதமான நாளில் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் ஓடும். நாளொன்றுக்கு 36 ஆம்பியர்-மணி. கடும் வெயிலில் பாதி நேரம் ஓடும், 54. நூறு ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். அதற்குமேல் எடுத்துக்கொண்டே போனால் அதன் ஆயுள் குறையும். அதாவது வெயில் நாளில் ஒரு நாளைக்குக்கூடப் போதாது! அதே அளவு லித்தியம் பேட்டரியில் 80-க்குமேல் எடுக்கலாம், ஒன்றரை நாள். ஒரே இடத்தில் தங்குவதானால் 200 வாட் சூரியத் தகடு வேண்டும். ஐந்து மணி நல்ல வெயில் கிடைத்தால், சேதாரம் போக, அன்றைய செலவு அன்றைக்கே வந்துவிடும். தகட்டை வெயிலிலும் வண்டியை நிழலிலும் வையுங்கள். பெட்டியைச் சுற்றிக் காற்று போக இடம் விடுங்கள்.

மருந்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சூட்டைவிடக் கம்ப்ரெஸர் பெட்டியில் பெரிய எதிரி, உறைந்துபோவதுதான். உறைந்த இன்ஸுலினைத் தூக்கி எறியவேண்டியதே. மருந்தைத் துணியில் சுற்றி, சுவரைத் தொடாமல் மேல் கூடையில் வைத்து, பக்கத்திலேயே தனியாக ஒரு தெர்மாமீட்டரும் வையுங்கள்.

அன்றே எல்லைச் சாவடி வந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பழம், காய்கறி, தேன் எதுவும் கொண்டுபோகக் கூடாது. மாமியாரின் எலுமிச்சம்பழங்கள் அத்தனையும் குப்பைத் தொட்டிக்குப் போயின. மருந்து கெட்டதோ என்றபோதுகூட அவர் முகம் அப்படி வாடவில்லை.

நார்ஸ்மனிலிருந்து வடக்கே திரும்பினால் கூல்கார்டி. 1892-ல் தங்கம் கிடைத்த ஊர். மின்சாரமும் ஐஸும் இல்லாத அந்த நாளில், மரச் சட்டத்தைக் கோணித்துணியால் மூடி, மேலே ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, துணி வழியே நீர் கசிந்து ஈரமாக இருக்கும்படி செய்தார்கள். காற்றுப் பட்டதும் உள்ளே குளிரும், வெண்ணெய் உருகாது. 'கூல்கார்டி சேஃப்' என்று ஆஸ்திரேலியா முழுவதும் பிரசித்தி. இதை மாமியாருக்கு விஸ்தாரமாக விளக்கினேன்.

"மண்பானையிலே ஈரத் துணி சுத்தி வைக்கிறதுக்கா இத்தனை பேர்?" என்றார்.

அதே தத்துவத்தில், தண்ணீரில் நனைத்தால் நாள் கணக்கில் ஈரம் காக்கும் மருந்துப் பைகள் இப்போது விற்கின்றன. பேட்டரி வேண்டாம், வயர் வேண்டாம். சென்னைப் புழுக்கத்தில் அவ்வளவாக எடுபடாது. நல்லார்பரின் வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும். திரும்பும் வழியில் மாமியார் அன்றாட மருந்தை அப்படி ஒரு பையில்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மிச்ச மருந்து பெட்டியின் மேல் கூடையில். பெட்டியின் அடிப்பாகத்தில் என்ன இருந்தது என்கிறீர்களா? கழுத்து மட்டும் தோசை மாவு!