மலையிறங்கும் முன் கழற்ற வேண்டியது

செம்மேட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் கடை, விடுதி, மிளகு காபி வாங்கும் கடை என்று கொல்லிமலையில் எங்கே தொழில் நடந்தாலும் அங்கே ஒரு கம்ப்யூட்டர் ஓடுகிறது. ஓடி ஓய்ந்த இன்னொன்று பரணில் கிடக்கிறது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த பெட்டி, கடைசியில் பழைய இரும்புக்காரரின் வண்டியில் எடைக்குப் போய்ச் சேர்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

இங்குள்ள மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் இல்லாமல் உதவித்தொகை இல்லை, கல்லூரியில் இட ஒதுக்கீடும் இல்லை. சான்றிதழுக்கு விண்ணப்பிக்க ஆதார், ரேஷன் கார்டு, அப்பாவின் சான்றிதழ் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்கிறார்கள். வேறு வேலைக்கு வந்தவரின் பட்டாவும் பாஸ்புக்கும் அதே கம்ப்யூட்டரில் ஏறுகின்றன. வேலை முடிந்த பிறகும் அந்தப் படங்கள் ஊர்ப்பெயர் போட்ட ஃபோல்டர்களில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகின்றன. விடுதியின் சிசிடிவி பெட்டிக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க் இருப்பது பலருக்குத் தெரியும். பெரிய ஜெராக்ஸ் மெஷின்கள் பலவற்றிலும் அப்படி ஒன்று உண்டு, நகலெடுத்த தாளின் படம் அதில் தங்கக்கூடும் என்று சொன்னால் கடைக்காரர்களே நம்புவதில்லை.

"எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டேன்ணா" என்பார்கள். டெலீட் செய்வது, வாசலில் உள்ள பெயர்ப்பலகையை எடுத்துவிட்டு வீட்டைக் காலி செய்துவிட்டதாகச் சொல்வது போன்றது. கோப்பு இருக்கும் இடம் பட்டியலிலிருந்து நீங்குகிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் வேறு ஏதாவது எழுதப்படும் வரை பழையது அப்படியே இருக்கும். அதை மீட்டெடுக்க இலவச மென்பொருள்களே போதும். 'குயிக் ஃபார்மேட்' செய்தாலும் இதே கதைதான்.

ஹார்ட் டிஸ்க் எனப்படும் சுழலும் வட்டாக இருந்தால், முழு வட்டின்மேலும் ஒருமுறை பூஜ்யங்களை எழுதிவிட்டால் அந்த மீட்பு மென்பொருள்களுக்கு எதுவும் சிக்காது. வட்டைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி, விண்டோஸில் இருக்கும் டிஸ்க்பார்ட் கருவியில் 'கிளீன் ஆல்' என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். வெறும் 'கிளீன்' போதாது. அது வட்டின் பிரிவுகளை மட்டும் நீக்கும். எந்த வட்டைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதை இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். 1 டிபி வட்டுக்குச் சில மணி நேரம் ஆகும். மழைக்காலத்தில் இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, பாதியில் நின்றால் முதலிலிருந்துதான்.

தட்டுக்குப் பதில் சிப்புகளில் பதியும் எஸ்எஸ்டிக்கு இந்த முறை போதாது. அதற்குள் நம் கட்டளை எட்டாத உபரி இடம் உண்டு. பழைய தரவு அங்கே ஒதுங்கிவிடும். தயாரித்த கம்பெனியே தரும் அழிப்பு மென்பொருள்தான் அதற்குச் சரி. கெட்டுப்போய் ஓடாத வட்டு எதுவானாலும் உடைக்கத்தான் வேண்டும்: சுழலும் வட்டில் தட்டுகளைத் துளைக்கும்படியும், எஸ்எஸ்டியில் ஒவ்வொரு சிப்பும் உடையும்படியும்.

பெரிய இடங்களே இதில் தவறியிருக்கின்றன. அமெரிக்காவின் மார்கன் ஸ்டான்லி நிறுவனம் தன் பழைய சர்வர்களையும் வட்டுகளையும் அகற்றும் வேலையை, தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத சாமான்களை இடம் மாற்றித் தரும் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. வாடிக்கையாளர் விவரங்களோடு சில கருவிகள் இணைய ஏலத்துக்கு வந்தன. 2020இல் 6 கோடி டாலர், 2022இல் 3.5 கோடி டாலர் அபராதம். நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. அபராதத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு: பாஸ்புக்கை நம்பிக் கையில் கொடுத்த பாட்டிக்கு, அது எந்த ஊர்க் குடோனில் கிடக்கிறது என்று தெரியவே போவதில்லை.

வட்டைக் கழற்றிய பின் மிச்சமிருக்கும் பெட்டியும் ஆபத்தில்லாததல்ல. பழைய குண்டு மானிட்டரின் கண்ணாடியில் கிலோக் கணக்கில் ஈயம் உண்டு. எல்இடி வருவதற்கு முந்தைய தட்டை மானிட்டர்களின் விளக்குக் குழாய்களில் பாதரசம். செம்புக்காக ஒயரைக் கொளுத்தினால் பிவிசி உறையிலிருந்து டையாக்சின் வருகிறது. உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத்தில் சர்க்யூட் போர்டுகளை எரித்தும் அமிலத்தில் ஊறவைத்தும் உலோகம் எடுத்தார்கள்; அந்தச் சாம்பல் ராம்கங்கை ஆற்றங்கரையில் குவிந்தது. இங்கே ஓடைப் பள்ளத்தில் கொட்டுவது அய்யாற்றில் சேரும். ஆகாய கங்கையாக விழுந்து புளியஞ்சோலை வழியே காவிரிச் சமவெளிக்குப் போகும் தண்ணீர் அது.

பழைய இரும்புக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். எடைக்குக் காசு கொடுத்து வாசலுக்கு வந்து எடுத்துப்போக அவர் ஒருவர்தான் இருக்கிறார். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், ஆண்டில் ஏதேனும் ஒரு சமயம் 1,000 கருவிகளாவது வைத்திருந்த நிறுவனங்களையே 'பெரும் நுகர்வோர்' என்கின்றன. அவை பதிவுபெற்ற இடங்களிடம்தான் கழிவைத் தர வேண்டும். மலையில் அந்த அளவுள்ள கடை எது? கருவியைத் தயாரித்த கம்பெனிகளுக்கு மறுசுழற்சி இலக்கு உண்டு. ஆனால் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்களிடமிருந்து சான்றிதழ் வாங்கி அவை இலக்கை முடித்துக்கொள்ளலாம். ஒற்றை மானிட்டருக்காக யாரும் 70 வளைவு ஏற மாட்டார்கள்.

ஆகவே சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும். என்னிடம் வரும் கடைக்காரர்களிடம் ஒரு நோட்டுப் போடச் சொல்கிறேன்: வட்டின் சீரியல் எண், கழற்றிய தேதி, அழித்தவர் கையெழுத்து. மறுசுழற்சியாளர் தரும் அழிப்புச் சான்றிதழிலும் அதே எண் இருக்க வேண்டும்; எண் இல்லாவிட்டால் அது வெறும் எடை ரசீது. யூபிஎஸ் பேட்டரியைத் தனியாக வையுங்கள், புதியது வாங்கும் கடையே விலையில் கழித்துக்கொண்டு பழையதை எடுத்துக்கொள்ளும்.

ஆடி மாதம் வல்வில் ஓரி விழாவுக்கு அரசுத் துறைகள் செம்மேட்டில் அரங்கு போடுகின்றன. அங்கே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு அரங்கு அமைத்து, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரின் லாரி ஒன்றை நிறுத்தினால் போதும். வட்டுகளைக் கழற்றி, எண்ணைக் குறித்து, உரியவர் கண்முன்னே துளையிட்டுத் தர, டிரில் மெஷினோடு வந்து உட்கார நான் தயார்.