தரைதட்டிய கப்பலை மீட்பது எப்படி? இழுவைக் கப்பலுக்குக் கைகொடுக்கும் நிலா!

2012 அக்டோபர் 31. நீலம் புயலில் சிக்கிய 'பிரதிபா காவேரி' எண்ணெய்க் கப்பல், சென்னை எலியட்ஸ் கடற்கரை அருகே தரைதட்டியது. உயிர்காப்புப் படகில் இறங்கித் தப்ப முயன்றபோது படகு கவிழ்ந்து 6 பேர் பலியானார்கள். கப்பலிலேயே இருந்தவர்கள் பத்திரமாக மீட்கப்பட்டார்கள்.

கப்பல் மீண்டும் மிதந்ததோ நவம்பர் 11-ல்தான். ஏன் அத்தனை நாள்? கயிறு கட்டி இழுத்தா வந்துடாதா?

வராது. மிதக்கும் கப்பலின் எடையை நீர் தாங்கும். தரைதட்டினால் அதில் ஒரு பகுதி மணல் மேல் உட்கார்ந்துவிடும். அதை அசைக்க இழுவைக் கப்பலின் இன்ஜின் மட்டும் போதாது, கடல் மட்டமும் ஏறணும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் அதிகம் ஏறும். பிரதிபா காவேரி மிதந்தது, தீபாவளி அமாவாசைக்கு 2 நாள் முன்பு. 2021-ல் சூயஸ் கால்வாயில் சிக்கிய 'எவர் கிவன்' விடுபட்டதும் பௌர்ணமிக்கு மறுநாள், மார்ச் 29-ல்தான்.

பயணிகள் கப்பல் என்றாலும் இதே கணக்குதான். ஆனால் முதலில் ஆட்களைப் பாதுகாப்பாக இறக்கணும், அடிப்பகுதியில் ஓட்டை இருக்கா என்று பார்க்கணும், எடையைக் குறைக்கணும். இழுப்பது கடைசி வேலை.

பயணிகளுக்கும் ஒரு பாடம் உண்டு: கப்பல் தரைதட்டினால் பதறி இறங்காதீங்க, கேப்டன் சொல்லும்வரை காத்திருங்க.