குற்றாலத்தில் அம்மாவும் குளிக்க வேண்டாமா?

குற்றாலம் போய் வந்த குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் அருவியைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். வீட்டுக்காரர் சொல்வார், பிள்ளைகள் சொல்வார்கள். அந்த வீட்டு அம்மாவை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். "நான் எங்கே குளிச்சேன்? பையையும் செருப்பையும் யார் பாத்துக்கறது?" என்பார். எங்கள் தெருவிலேயே நாலு பேர் எனக்கு இந்தப் பதிலைச் சொல்லியிருக்கிறார்கள்.

வாரக்கணக்கில் பார்த்துப் பார்த்து மூட்டை கட்டி, அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் போய், கடைசியில் அருவிக்கு ஐம்பதடி தள்ளி நின்று மற்றவர்களின் ஈரத்துணியைப் பிழிந்துவிட்டு வருவது என்ன நியாயம்? 2025 ஜூலையில் நாங்கள் ஏழு பேர் குற்றாலம் புறப்பட்டபோது நான் ஒரு நிபந்தனை போட்டேன். "ஏழு பேரும் பத்திரமாகத் திரும்பணும். நானும் அத்தையும் அருவியில் நனையணும்." மற்ற ஏற்பாடெல்லாம் இந்த இரண்டுக்காகத்தான். அது எப்படி நடந்தது என்பதை உங்களுக்கும் சொல்கிறேன்.

லீவும் அருவியும்

முதலில் ஒரு விஷயம். பிள்ளைகளுக்குப் பெரிய லீவு ஏப்ரல், மே மாதங்களில். அருவிக்குச் சீசன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. இரண்டும் ஒத்து வராது. கோடை லீவில் போனால் பெரும்பாலும் வெறும் பாறையைத்தான் பார்க்கலாம். தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, செங்கோட்டைப் பக்கம் மலை தாழ்ந்திருக்கும் கணவாய் வழியாக உள்ளே நுழைகிறது. அதுதான் குற்றாலத்துச் சாரல். அந்தக் காற்று வீசினால்தான் சிற்றாற்றில் தண்ணீர் பெருகி அருவி விழும்.

ஆகையால் லீவுக்காகக் காத்திராமல் ஒரு சனி, ஞாயிறை எடுத்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை ராத்திரி தாம்பரத்தில் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் சனிக்கிழமை காலையில் தென்காசி. ஞாயிறு மாலை அதே வண்டியில் திரும்பினால் திங்கள் காலை வீடு. முழுசாக இரண்டு பகல் கிடைக்கிறது, அறை வாடகை ஒரே ராத்திரிக்குத்தான். பள்ளிக்கூடமும் ஆபீஸும் கெடவில்லை.

டிக்கெட் எடுக்கும்போது

2024 நவம்பர் முதல், முன்பதிவு 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது. முன்போல 120 நாள் இல்லை. சீசன் வார இறுதி என்றால் திறந்த அன்றே எடுத்துவிடுங்கள். திரும்பி வர ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்டுக்குத்தான் போட்டி அதிகம். அதற்கு முன்பதிவு இரண்டு நாள் கழித்துத் திறக்கும் என்பதைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குத் தனி பெர்த் வேண்டாம் என்றால் டிக்கெட் தேவையில்லை. ஐந்து முதல் பன்னிரண்டுக்குள் இருந்தால் பெர்த் இல்லாமல் அரை டிக்கெட், பெர்த் கேட்டால் முழு டிக்கெட். என் மகளுக்கு ஒன்பது வயது. ராத்திரி முழுக்க ஒரே பெர்த்தில் இரண்டு பேர் நெளிவதற்குப் பதில் முழு டிக்கெட்டே எடுத்தோம்.

பெரியவர்களோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டியது கீழ் பெர்த். அறுபது வயதான ஆண்களுக்கும், நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு. ஆனால் ஒரு டிக்கெட்டில் அப்படிப்பட்டவர்கள் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால்தான் அதில் கேட்க முடியும். குடும்பத்தை மொத்தமாக ஒரே டிக்கெட்டில் போட்டால் அந்தச் சலுகை போய்விடும். என் மாமியாருக்கு எழுபத்தொன்று, எனக்கு நாற்பத்தாறு. எங்கள் இருவருக்கும் தனி டிக்கெட் எடுத்தோம், இரண்டு கீழ் பெர்த்தும் கிடைத்தது. வேறு பெட்டியில் விழவும் வாய்ப்பு உண்டு என்பதால், கூட வருகிற பெண் ஒருவரோடு பெரியவரைச் சேர்த்து எடுப்பதே நல்லது. முதியோருக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டதால், அதை எதிர்பார்த்துச் செலவுக் கணக்குப் போட வேண்டாம்.

பெண்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. மாதவிலக்கு நாளைத் தோராயமாகப் பார்த்துத் தேதி வைக்கலாம். ஆனாலும் இரண்டு மாதம் முன்னதாகப் போடும் கணக்கு நாலைந்து நாள் முன்னே பின்னே ஆகத்தான் செய்யும். தள்ளிப் போட வேண்டுமென்று மருந்துக் கடையில் தானாக மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். இரத்தம் உறையும் கோளாறோ, கல்லீரல் கோளாறோ உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை ஆகாது. டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். வயசுக்கு வந்த பெண் பிள்ளை கூட வந்தால், தேவையானதைப் பையில் மேலாகவே வைத்து, அவளுக்கு மட்டும் இடத்தைச் சொல்லிவிடுங்கள்.

ராத்திரிச் சாப்பாடு

ரயிலுக்கு நான் கட்டியது மூன்றே அயிட்டம். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவின இட்லி, புளிச்சாதம், தயிர்சாதம். தயிர்சாதம் புளிக்காமல் இருக்க ஒரு வழி உண்டு. குழைய வடித்த சாதத்தை நன்றாக ஆறவிட்டு, காய்ச்சி ஆறின பாலைத் தாராளமாக ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிர் சேர்த்துப் பிசைந்து கட்டுங்கள். சாப்பிடுகிற நேரத்துக்குச் சரியாகத் தோய்ந்திருக்கும். எல்லாவற்றையும் அன்று ராத்திரிக்குள் முடித்துவிட வேண்டும். காலைக்கு மிச்சம் வைக்கக் கூடாது.

தங்கையின் பத்து மாதக் குழந்தைக்காக ஒரு பிளாஸ்க் வெந்நீர், தனி டம்ளர், ஸ்பூன், மசிக்க வாழைப்பழம், இரண்டு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். பொடி. ராத்திரி பத்து மணிக்கு மேல் நடு பெர்த்தை மாட்டிவிடுவார்கள், காலை ஆறு மணிக்கு இறக்குவார்கள். கீழே உட்கார்ந்து குழந்தைக்கு ஊட்டுகிற வேலையைப் பத்துக்குள் முடித்துக்கொள்வது சௌகரியம்.

காலையில் சீக்கிரம் பிள்ளைகளை எழுப்பிவிடுங்கள். ராஜபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர் என்று வண்டி போகும்போது, மேற்கே மலை மேகத்தைப் போர்த்திக்கொண்டு கூடவே வரும். என் மகன் செல்போனைத் தானாகக் கீழே வைத்தது அப்போதுதான்!

தங்குகிற இடம்

தென்காசி ஸ்டேஷனிலிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர். பஸ், ஆட்டோ எல்லாம் கிடைக்கும். அறையை முன்கூட்டியே போனில் பேசும்போது மூன்று கேள்வி கேளுங்கள். தரைத்தளத்தில் அறை உண்டா? வெந்நீர் எந்த நேரத்தில் வரும்? பேரருவிக்கு நடந்தே போகலாமா? இந்த மூன்றாவது கேள்விதான் முக்கியம். நடக்கிற தூரத்தில் அறை இருந்தால், குளித்துவிட்டு ஈர உடையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு அறைக்கே வந்து உடை மாற்றலாம். சீசனில் அந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நடக்கிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் இன்னொரு தடவை போன் செய்து, தண்ணீர் விழுகிறதா, குளிக்க விடுகிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காவலுக்கு விடுமுறை

அம்மா குளிக்காமல் போவதற்குக் காரணம் அந்தப் பை. நாங்கள் அருவிக்குப் பையே எடுத்துப் போகவில்லை. பணம், நகை, செல்போன் எல்லாம் அறையில் பூட்டின பெட்டிக்குள். கையில் ஒரு துணிப்பை. அதில் துண்டுகளும் அறைச் சாவியும் மட்டும். கொலுசு, வளையல், செயின் எல்லாம் வீட்டிலேயே கழற்றி வைத்தாயிற்று. தாலிச் சரட்டை ரவிக்கைக்குள் விட்டு ஊக்குக் குத்திக்கொண்டோம். சேலை தண்ணீரில் காலைச் சுற்றும், அதனால் நானும் தங்கையும் சுடிதார் போட்டுக்கொண்டோம். அத்தையின் கண்ணாடியையும் பல்செட்டையும் அறையிலேயே கழற்றி வைக்கச் சொன்னேன். அருவி அடிக்கிற அடியில் அவை போனால் திரும்ப வராது.

பிறகு முறை. பேரருவியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் உண்டு. முதல் அரைமணி வீட்டுக்காரரும் மகனும். அவர்கள் திரும்பி வந்ததும் துணிப்பை அவர்கள் கைக்குப் போய்விடும். அடுத்த முறை நான், அத்தை, மகள். தங்கை குழந்தையோடு அறையில் இருந்தாள். சாயங்காலம் நான் குழந்தையை வைத்துக்கொள்ள, அவள் மகளோடு போய் வந்தாள். இதை ஊரிலிருந்து கிளம்பும்போதே ஒரு தாளில் எழ்தி எல்லோருக்கும் படித்துக் காட்டியாயிற்று. அங்கே போய் முடிவு செய்யலாம் என்று விட்டால் பை மறுபடி நம் தோளுக்கே வந்து சேரும்.

அப்படியும் அத்தை தயங்கினார். "எனக்கெதுக்கும்மா இதெல்லாம், நீங்க போயிட்டு வாங்க. நான் துண்டைப் பாத்துக்கறேன்" என்றார். "துண்டுக்கு உங்க பிள்ளை காவல் இருக்காரு அத்தை, நீங்க வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனேன். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் ஆதலால் முன்பே டாக்டரிடம் கேட்டிருந்தோம். தலையில் நேராக விழாமல், ஓரமாக உட்கார்ந்து தோளில் தெறிக்கிற அளவுக்குப் போதும் என்று சொல்லியிருந்தார். அந்த ஓரத்தில் கம்பியைப் பிடித்தபடி பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்த அத்தை, நான் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. "இன்னும் கொஞ்சம் இரும்மா" என்றார். அவர் எதற்காவது 'இன்னும்' என்று கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

பேரருவி மேலிருந்து நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாகடல் என்ற பள்ளத்தில் விழுந்து, நிறைந்து, பரவி வழிகிறது. அதனால்தான் அதன் கீழே மனிதர் நிற்க முடிகிறது. ஆனாலும் வேகம் வேகம்தான். சிறு பிள்ளைகளுக்குப் புலியருவி ஏற்றது. நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஐந்தருவியையும் பார்த்து வரலாம். மலைக்குள் இருக்கும் செண்பகாதேவி அருவி, தேனருவிப் பக்கம் அனுமதியில்லாமல் ஏற வேண்டாம்.

உடம்புக்குக் கவனம்

கைக்குழந்தையை அருவிக்குக் கீழே பிடிக்கவே கூடாது. பிள்ளைத்தாய்ச்சிகளும் வேகமான தண்ணீரிலும் வழுக்கும் பாறையிலும் நிற்க வேண்டாம். இருதயக் கோளாறு, வலிப்பு, இழுப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் போக வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்டதும் குளிக்கப் போகாதீர்கள். பிள்ளைகளுக்கு உதடு நீலம் பாரித்தாலோ பல் கிட்டினாலோ உடனே வெளியே. தலையையும் காது மடலையும் நன்றாகத் துடைத்து, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள்.

அந்தக் காலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய் நிற்பது வழக்கம். இப்போது அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு எல்லாவற்றுக்கும் தடை இருக்கிறது. நல்லதுதான். பாறையில் வழுக்கி விழுவதற்கு எண்ணெய்தான் பாதிக் காரணம்.

எல்லாவற்றையும் விட முக்கியம் வெள்ளம். 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. நாம் நிற்கிற இடத்தில் தூறல்கூட இருக்காது, மேலே மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். தெளிவாக விழுந்த தண்ணீர் கலங்கி செம்மண் நிறமானால், இலையும் சுள்ளியும் சேர்ந்து வந்தால், இரைச்சல் கூடினால், அந்த நொடியே வெளியேறிவிட வேண்டும். போலீஸ்காரர் விசில் ஊதுகிற வரை காத்திருக்காதீர்கள். துண்டு, செருப்பு எது கிடந்தாலும் எடுக்கத் திரும்பக் கூடாது. பிள்ளைகளிடம் இதை ரயிலிலேயே இரண்டு தடவை சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்தேன். கூட்டத்தில் பிரிந்தால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்பதையும் போன உடனே காட்டிவிட்டேன். அப்பாவின் போன் நம்பர் இருவருக்கும் மனப்பாடம்.

குளிக்கத் தடை போட்டுவிட்டால் அங்கே நின்று வாதாட வேண்டாம். குற்றாலநாதர் கோயில் இருக்கிறது. நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திரசபையின் சுவரோவியங்கள் இருக்கின்றன. தென்காசியில் காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நின்றால் காற்று ஆளையே தள்ளும், பிள்ளைகளுக்கு அதுவே ஒரு விளையாட்டு. சீசனில் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து வைத்திருப்பார்கள். மங்குஸ்தானை அமுக்கிப் பார்த்து, ஓடு கல்லாக இறுகாமல் லேசாக அமுங்குவதை வாங்குங்கள். சாப்பிடும்போது சாறு துணியில் பட்டால் கறை போகாது, ஜாக்கிரதை! கையில் பழப் பையைத் தொங்கவிட்டு நடந்தால் குரங்கு பிடுங்கிக்கொள்ளும், அதற்கும் ஜாக்கிரதை!

அடுத்த சீசனுக்கு நீங்களும் போய் வாருங்கள். டிக்கெட் எடுத்த அன்றைக்கே, யார் எப்போது பையைப் பார்த்துக்கொள்வது என்று ஒரு தாளில் எழுதி, சமையலறைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். குளிக்கிறவர்கள் வரிசையில் முதலில் உங்கள் பெயரை எழுதுங்கள்.