எனக்கு ஸ்வெட்டர்... என் காருக்கு?

"என்னங்க, உங்களுக்கு ஸ்வெட்டர் எடுத்தாச்சு, எனக்கு ஷால் எடுத்தாச்சு, குழந்தைக்குக் குல்லாய் எடுத்தாச்சு... காருக்கு என்ன எடுத்தீங்க?"

மனைவி இப்படிக் கேட்டபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை, சோலாங் போகும் மலை ரோட்டில் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கட்ட வேண்டியிருந்தது!

நான் பி.காம். காரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், வாங்கிய விலையில் வருஷா வருஷம் தேய்மானத்தைக் கழிக்க வேண்டும் என்பதுதான். சென்னையில் செகண்ட் ஹாண்டில் வாங்கி, டில்லிக்குக் குடி வந்தபோது சாமான்களோடு ரயிலேற்றிக் கொண்டுவந்த சின்ன பெட்ரோல் கார். அது பார்த்த அதிகபட்சக் குளிர், மார்கழி மாதத்து மயிலாப்பூர்.

போன வருஷம் ஜனவரியில் ஏழு வயது மகள் ஒரே பிடிவாதம். எதிர் ஃபிளாட் பையன் பனிச்சறுக்கு விளையாடிவிட்டு வந்து போட்டோ காட்டியிருக்கிறான். டில்லியிலிருந்து மணாலி ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து பதின்மூன்று பதினாலு கிலோமீட்டர் ஏறினால் சோலாங் பள்ளத்தாக்கு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,500 மீட்டர். குளிர்காலத்தில் காலில் பலகையைக் கட்டிக்கொண்டு சறுக்கலாம்.

"நம்ம கார்லயே போயிடலாம்" என்றேன். டாக்ஸி செலவு மிச்சம் என்பது உள்மனசு.

புறப்படுவதற்கு முன் கரோல் பாக்கில் ஒரு வயதான சர்தார்ஜி மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். பானெட்டைத் திறந்தவர் முதல் கேள்வியிலேயே என்னைக் கவிழ்த்தார்.

"ரேடியேட்டர்ல என்ன ஊத்தியிருக்கே, பாபுஜி?"

"தண்ணிதான்."

"என்ன தண்ணி?"

"குழாய்த் தண்ணி."

தலையில் கை வைத்துக்கொண்டார்! நம் ஊர் வெயிலில் பச்சைத் தண்ணீரோடு காலம் தள்ளிவிடலாம் (அதுவும் தப்புதானாம், உள்ளே துருப்பிடிக்கும்). ஆனால் தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவிகிதம் பெருக்கிறது. ஃப்ரீஸரில் தண்ணீர் பாட்டிலை மறந்து வைத்துவிட்டு மறுநாள் அது வெடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். அங்கே போவது பாட்டில். இங்கே ரேடியேட்டர், சமயத்தில் என்ஜினே விரிசல் விடும்.

மருந்து கூலன்ட். அதில் எத்திலீன் கிளைக்கால் என்ற திரவம் இருக்கிறது. பாதி கூலன்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர் என்று கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது.

"அப்படின்னா முழுக்க கூலன்ட்டே ஊத்திடுங்களேன், செலவைப் பத்திக் கவலையில்லை!" என்றேன் தாராளமாக.

"பாபுஜி, தண்ணி கலக்காத கிளைக்கால் மைனஸ் 13லயே உறைஞ்சிடும்" என்றார். தனித்தனியாக இருந்தால் இரண்டுமே சீக்கிரம் உறையுமாம், சேர்ந்தால்தான் பலம். கல்யாணப் பத்திரிகையில் போடலாம் போல! கடையில் ஏற்கெனவே கலந்து விற்கும் கேனும் உண்டு. அதில் மறுபடி தண்ணீர் ஊற்றிவிடாமல் லேபிளைப் படியுங்கள்.

அடுத்தது பாட்டரி. பூஜ்யம் டிகிரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வலு போய்விடும். அதே குளிரில் என்ஜின் ஆயில் கெட்டியாகி, ஸ்டார்ட் பண்ண அதிக வலு கேட்கும். சம்பளத்தில் பிடித்தம் போன மாதம் பார்த்து ஊரிலிருந்து விருந்தாளி வருவது போல! மூன்று நாலு வயதான பாட்டரி என்றால் டெஸ்ட் பண்ணி, தேவைப்பட்டால் மாற்றிவிட்டே மலை ஏறுங்கள்.

ஆயில் டப்பாவில் '5டபிள்யூ-30' என்று போட்டிருக்குமே, அந்த டபிள்யூவை நான் வாட் என்று நினைத்திருந்தேன். விண்டராம்! முதல் எண் சின்னதாக இருந்தால் குளிரிலும் இளகி ஓடும். உங்கள் வண்டியின் கையேடு எதைச் சொல்கிறதோ அதை ஊற்றுங்கள்.

டீசல் கார்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கடுங்குளிரில் டீசலுக்குள் இருக்கும் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். லடாக்கில் இந்தத் தொல்லைக்காகவே 2019ல் மைனஸ் 33 டிகிரியிலும் உறையாமல் ஓடும் தனி டீசலை இந்தியன் ஆயில் கொண்டுவந்தது. சமவெளி டீசலை டாங்க் நிறைய ரொப்பிக்கொண்டு போகாமல், மலைப் பக்கத்து பங்க்கில் விசாரித்துப் போட்டுக்கொள்வது உத்தமம்.

பிறகு டயர். நம் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் பள்ளம் இருந்தால் போதும். பனிக்கு அது போதாது. நாலு மில்லிமீட்டராவது வேண்டும். ஏழு டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயர் ரப்பர் இறுக ஆரம்பித்துப் பிடிப்பை இழக்கும். இதற்கென்றே உள்ள குளிர்கால டயரில் மூன்று மலை முகடும் நடுவே பனித் துகளும் முத்திரையாக இருக்கும். வருஷத்தில் மூன்று நாள் பயணத்துக்காக அதை வாங்கினால் வீட்டு பட்ஜெட் பஞ்சராகிவிடும். எனவே நம்மைப் போன்றவர்களுக்குச் சங்கிலிதான் கதி.

"எந்தச் சக்கரம் வண்டியை இழுக்குதோ அதுக்குத்தான் சங்கிலி. உன் வண்டிக்கு முன் சக்கரம். மாட்டிக்கிட்டு நாப்பதுக்கு மேல போகாதே. கொஞ்ச தூரம் உருட்டிட்டு இறங்கி மறுபடி இறுக்கணும். பனி முடிஞ்சதும் கழட்டிடணும்" என்று பாடம் எடுத்த சர்தார்ஜி, கடைசியாக ஒன்று சொன்னார். "வீட்டு வாசல்ல நாலு தடவை மாட்டிக் கழட்டிப் பாரு, பாபுஜி. கண்ணை மூடிக்கிட்டு மாட்ட வரணும்."

"ஆகட்டும் ஜி" என்றேன். சங்கிலி பிளாஸ்டிக் பை பிரிக்காமல் டிக்கிக்குள் போனது.

மண்வெட்டி, டார்ச், இழுக்கும் கயிறு, கம்பளி, சக்கரத்துக்கு அடியில் போட ரெண்டு பழைய சாக்கு, ஒரு பை மணல், பாட்டரிக்கு ஜம்ப்பர் கேபிள், பிஸ்கட், தண்ணீர்... எல்லாம் வாங்கி வவுச்சர் சரிபார்ப்பது போல டிக் அடித்தேன். டிக் இல்லாமல் நின்றது ஒன்றே ஒன்று: பழகிப் பார்ப்பது! ஆடிட்டராக இருந்தால் அன்றைக்கே ஆட்சேபம் எழுதியிருப்பார்.

மணாலியில் முதல் ராத்திரி. ஹோட்டல் பையன் ஓடி வந்தான். "ஹேண்ட் பிரேக் போடாதீங்க சாப், உறைஞ்சு ஒட்டிக்கும். கியர்ல விட்டு சக்கரத்துக்குக் கல்லு வைங்க. வைப்பரைத் தூக்கி நிறுத்துங்க."

காலையில் முன் கண்ணாடி முழுக்கப் பனிக்கட்டி. பக்கத்து ரூம்காரர் புத்திசாலி. ஒரு பக்கெட் வெந்நீரைக் கண்ணாடியில் கொட்டினார். 'பட்'டென்று ஒரு சத்தம்... இந்த முனையிலிருந்து அந்த முனை வரை விரிசல்! நான் காலாவதியான ஏ.டி.எம். கார்டால் மெதுவாகச் சுரண்டினேன். அந்தக் கார்டால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

ஹோட்டல் வாசலில் ஃபோர் வீல் டிரைவ் ஜீப்போடு ஒரு பெரியவர். "மேலே பனி வரும் போலிருக்கு, பாபுஜி. வண்டியை இங்கேயே விட்டுட்டு என்னோட வாங்க. மூவாயிரம்."

மூவாயிரமா! மனசுக்குள் கால்குலேட்டர் தட்டினேன். ரோடு காய்ந்துதான் இருந்தது. "வேண்டாம்" என்று கிளம்பிவிட்டேன்.

பல்சான் தாண்டி சோலாங் பக்கம் ஏறும்போது தூவ ஆரம்பித்தது. "மாட்டிடுங்களேன்" என்றாள் மனைவி. "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்றேன். வெயில் படாத ஒரு வளைவு. மலையிலிருந்து கசிந்த தண்ணீர் ரோட்டின் குறுக்கே கண்ணாடியாக உறைந்திருக்கிறது. பார்த்தால் வெறும் ஈரத் தார் ரோடு! பதறிப்போய் பிரேக்கை அழுத்தினேன். காலுக்கடியில் ஏ.பி.எஸ். கடகடவென்று உதறியது. வண்டி நிற்கவில்லை. உறைந்த ரோட்டில் வண்டி நிற்க, காய்ந்த ரோட்டைப் போலப் பத்து மடங்கு தூரம்கூட ஆகும் என்று படித்தது ஞாபகத்துக்கு வந்தது. அந்தச் சமயத்தில் அது ஞாபகம் வந்து என்ன பிரயோஜனம்?

அரை வட்டம் சுற்றி, பின்பக்கம் போய் மலையோரத்தில் ஒதுக்கியிருந்த பனிக் குவியலில் செருகி நின்றது. எதிர்ப்பக்கம் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. மனைவி பார்த்தாள். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் அவள் பேசவே இல்லை.

மேலே ஏதோ லாரி மாட்டிக்கொண்டு ரோடே அடைந்துவிட்டது. இறங்கிச் சங்கிலியைப் பிரித்தேன். எது உள்பக்கம், எது வெளிப்பக்கம்? பத்து நிமிஷத்தில் விரல் மரத்துப்போயிற்று. காருக்குள் வந்து கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். வெளியே கொட்டுகிற பனி. உள்ளே இதமான சூடு.

அரை மணி போயிருக்கும். "தலையை வலிக்குதுங்க, குமட்டுது" என்றாள் மனைவி. பின் சீட்டில் மகள் தூங்கிவிட்டாள்.

"உயரம் ஏறினா அப்படித்தான் இருக்கும்" என்றேன், பெரிய டாக்டர் மாதிரி. எனக்கும் லேசாகக் கண்ணைச் சொருகியது.

'தட் தட்' என்று கண்ணாடியில் இடி. காலையில் பார்த்த அதே ஜீப் பெரியவர்! "என்ஜினை நிறுத்து!" என்று கத்தியபடி கதவைத் திறந்து, என் மகளை அப்படியே தூக்கி வெளிக்காற்றில் நிறுத்தினார். அவள் முனகிக்கொண்டே கண் விழித்தாள். பிறகு என்னைக் கையைப் பிடித்து வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போய்க் காட்டினார். சைலன்சர் குழாய் பனிக்குள் புதைந்து கிடந்தது.

வெளியே போக வழியில்லாத புகை காருக்குள் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தலைவலி, குமட்டல், தூக்கம்... அவ்வளவுதான் அது தரும் நோட்டீஸ். தூங்கிவிட்டால் எழுப்ப ஆள் வேண்டும்.

2022 ஜனவரியில் பாகிஸ்தானில் மர்ரி என்ற மலை ஊரில் பனி பார்க்கப் போனவர்களின் கார்கள் ராத்திரி முழுக்கப் பனிப்புயலில் சிக்கின. குழந்தைகள் உட்பட 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். குளிரோடு சேர்ந்து இந்தப் புகையும் ஒரு காரணம் என்றார்கள். அந்தச் செய்தியைக் காபி குடித்துக்கொண்டே படித்தவன் நான். அது என் பின் சீட் வரைக்கும் வரும் என்று யார் கண்டது?

நம் பக்கமும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2020ல் அடல் சுரங்கப் பாதை திறந்த பிறகு, குளிர்காலத்தில் சோலாங் தாண்டியும் கூட்டம் போகிறது. 2024 டிசம்பரில் சோலாங்குக்கும் சுரங்கத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஆயிரம் வாகனங்கள் பனியில் மாட்டிக்கொண்டன. எனவே இதை மட்டும் எழுதி டாஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள்: பனியில் நின்றால் முதல் வேலை சைலன்சர் குழாயைச் சுற்றித் தோண்டுவது. மணிக்குப் பத்து நிமிஷம் மட்டும் என்ஜின். ஒரு கண்ணாடி ஒரு விரல்கடை திறந்தே இருக்கட்டும். பனி கொட்டக் கொட்ட, குழாயைத் திரும்பத் திரும்பப் பாருங்கள்.

பெரியவர் பத்தே நிமிஷத்தில் சங்கிலியை மாட்டினார், வெறுங்கையால். வண்டியைத் திருப்பிக் கொடுத்து, "செகண்ட் கியர்லயே இறங்கு. பிரேக்கைத் தொடாதே, என்ஜின் பிடிச்சுக்கும். ஸ்டீயரிங்கை வெடுக்குனு ஒடிக்காதே" என்றார்.

பர்ஸைத் திறந்தேன். அவர் வாங்கவில்லை. "கீழேயே கொடுத்திருக்கலாமே, பாபுஜி" என்றார்.

மறுநாள் அவர் ஜீப்பில்தான் சோலாங் போனோம். மகள் சறுக்கினாள். நான் விழுந்தேன்.

காலேஜில் எங்கள் அக்கவுன்டன்ஸி வாத்தியார் ஒன்று சொல்வார். வராத லாபத்தைக் கணக்கில் எழுதாதே. வரக்கூடிய நஷ்டத்துக்கு இன்றைக்கே பணம் ஒதுக்கி வை. பரீட்சையில் இதற்கு எனக்கு முழு மார்க். மூவாயிரம் லாபம் என்று எழுதிய அன்று, நஷ்டப் பக்கத்தில் யாரையெல்லாம் உட்கார வைத்திருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு உதறுகிறது.

டில்லி திரும்பியபின் சர்தார்ஜியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இப்பவாவது பழகு" என்றார்.

பழகிவிட்டேன் சார். மே மாதம், 44 டிகிரி வெயிலில், ஃபிளாட் வாசலில் உட்கார்ந்து, வேர்க்க விறுவிறுக்கக் காருக்குப் பனிச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தேன். எதிர் ஃபிளாட்காரர் பால்கனியிலிருந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, என் மனைவியிடம் ரகசியமாகக் கேட்டாராம்:

"பாபிஜி, சாருக்கு வெயில் ஒத்துக்கலையா?"